டெக்சாஸில் புது ஹைலக்ஸ் ஏன் கிடைப்பதில்லை?

ஹைலக்ஸ் டொயோட்டாவின் பிக்கப், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டி. டெக்சாஸில் எந்த டீலரிடமும் புதிதாகக் கிடைக்காது, அலையாதீர்கள். டொயோட்டா 1995-லேயே அமெரிக்காவில் ஹைலக்ஸை நிறுத்திவிட்டு டகோமா என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தது.

பெரிய காரணம் வரி என்றே நினைக்கிறேன். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி ஏற்றியதற்குப் பதிலடியாக, 1964-ல் இறக்குமதி பிக்கப்புக்கு 25% வரி போட்டார்கள். கோழித் தகராறு ஓய்ந்தும் வரி போகவில்லை. ஃபோர்டு, செவ்ரோலெட்டுக்கு அது நல்ல அரண். தன் பெரிய பிக்கப்பான டன்ட்ராவை டொயோட்டா டெக்சாஸின் சான் அன்டோனியோவிலேயே தயாரிப்பதற்கும் அது ஒரு காரணம்.

ஒரு வண்டி எங்கே தயாரானது என்று தெரிய, அதன் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கவனியுங்கள்: முதல் எழுத்து 1, 4, 5 என்றால் அமெரிக்கத் தயாரிப்பு, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான்.

பழைய ஹைலக்ஸை வரவழைக்கலாம் என்றால், 25 வயது ஆகியிருக்க வேண்டும். அப்புறம், அந்த வயதுச் சலுகை பாதுகாப்பு விதிகளுக்குத்தான், வரிக்கு அல்ல.