கமேலியாவை எங்கே வைப்பது?

வணக்கம். நுவரெலியாவிலிருந்து ஒரு கமேலியாக் கன்று வாங்கி வந்திருக்கிறேன். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட, கிழக்குப் பார்த்த வாசல். ஈரம் இருப்பதால் கிணற்றடியில் நடச் சொல்கிறார் அம்மா. பின்வளவு மாமரத்தடியில் நிழல் இருக்கிறதே என்பது என் எண்ணம். எது சரி?
- வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டுமே வேண்டாம். கிணற்றடியில் ஈரத்தோடு சவர்க்காரத் தண்ணீரும் ஊறுகிறது. கமேலியா தேயிலையின் இனம். அமிலத்தன்மையுள்ள மண்தான் அதற்குப் பிடிக்கும். காரம் ஏறினால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளித்துவிடும். சிப்பித் தூள் கலந்த நமது கரையோர மணலிலும் இதே கதிதான். மாமர நிழல் நல்லது; ஆனால் கமேலியாவின் வேர் மேல்மண்ணிலேயே படர்வதால், ஊற்றுகிற தண்ணீரை மரம் முந்திக் குடித்துவிடும்.

பெரிய பூச்சாடி ஒன்றில் நட்டு, முன் விறாந்தையின் ஓரத்தில் வையுங்கள். காலை இளவெயில் படும். வெயில் ஏற ஏறத் தாழ்வாரம் மறைத்துக்கொள்ளும். நிழலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. வைகாசியிலிருந்து தென்மேற்கே எழும் கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சி இலையைக் கருக்கிவிடும். கிழக்கு வாசலில் உங்கள் வீடே அதை மறித்து நிற்கிறது. மாரியில் காற்று திசை மாறி, கடலின் உப்பு நேரே வாசலுக்கு வரும். அப்போது சாடியை உள்ளே இழுத்துவிடலாம். நிலத்தில் நட்ட செடியை என்ன செய்ய முடியும்?

தும்புத்தூளை நன்றாகக் கழுவி உப்பை நீக்கி, இலைமக்கோடு கலந்து நிரப்புங்கள். தண்டின் அடியை மண்ணால் மூடக் கூடாது. தண்ணீர் தேங்காதபடி சாடியைச் செங்கல் மேல் உயர்த்துங்கள். கிணற்று நீர் உவர் என்றால் மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள்.

பூவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கமேலியாவின் மொட்டு நன்றாக விரியக் குளிர்காலம் வேண்டும். திருகோணமலையிலோ தை மாத இரவும் 24 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். சரியான இடத்தில் இலைகள் பளபளவென்று வாழும். பூவுக்கு என்னால் உறுதி தர முடியாது. வாசலில் பூ பார்க்கவே ஆசையென்றால் அடுக்கு நந்தியாவட்டை ஒன்றையும் நிலத்தில் நடுங்கள். அதுவும் மினுங்கும் இலை, அடுக்கிதழ் வெள்ளைப் பூ. நமது வெக்கையில் தயங்காமல் பூக்கும். கார்த்திகை மழைக்கு முன் நட்டால், கச்சான் எழுவதற்குள் வேர் பிடித்துவிடும்.