இரண்டு கேபிள் போட்டும் வேகம் ஏன் கூடவில்லை?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சேமிப்புச் சர்வரில் இரண்டு 1 கிகாபிட் போர்ட்டுகளை எல்ஏசிபி முறையில் (சர்வரும் ஸ்விட்சும் பேசிவைத்துப் பல கேபிள்களை ஒன்றாக நடத்தும் நெறிமுறை) பாண்ட் செய்து, அதாவது ஒரே இணைப்பாகச் சேர்த்து, இரண்டையும் ஒரே ஸ்விட்சில் செருகியிருக்கிறோம். ஆனாலும் ஒரு கணினியிலிருந்து கோப்பை நகலெடுத்தால் விநாடிக்கு 110 மெகாபைட்டைத் தாண்டவில்லை. ஒரு கேபிள் போனால் மற்றது தாங்குமா? இதே பாண்டில் ஐஸ்கஸியும் (நெட்வொர்க் வழியாக வட்டைத் தரும் முறை) ஓட்டலாமா?

பதில்: பழுது எதுவும் இல்லை. ஒரு கிகாபிட் கேபிளில் நடைமுறையில் கிடைப்பது அவ்வளவுதான். பாக்கெட்டுகளின் வரிசை குலையக்கூடாது என்பதால், ஒரு நகலெடுப்பு முழுவதையும் எல்ஏசிபி ஒரே கேபிளில்தான் அனுப்பும். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் இரண்டாவது கேபிளால் பலன். அப்போதும் லினக்ஸ் இயல்பாக மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் வன்பொருள் அடையாள எண்) பார்த்தே பங்கிடுகிறது. பயனர்கள் ரௌட்டருக்கு அப்பால் இருந்தால் எல்லோருக்கும் ரௌட்டரின் ஒரே மேக்தான். மொத்தப் போக்குவரத்தும் ஒரே கேபிளில் போய் விழும். எந்தக் கேபிளில் அனுப்புவது என்று முடிவுசெய்யும் ஹாஷ் முறையை, ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்க்கும் லேயர்3+4 என மாற்றுங்கள். சர்வருக்குள் வரும் போக்குவரத்தைப் பங்கிடுவது ஸ்விட்ச். அங்கே தனியாக அமைக்க வேண்டும்.

கேபிள் அறுந்தால் உடனே தெரிந்துவிடும், மற்றது தாங்கும். தொல்லை தருவது, விளக்கு எரிந்துகொண்டே ஸ்விட்ச் உறைந்துபோகும் நிலைதான். எல்ஏசிபியின் மெதுவான அமைப்பில் இதைக் கண்டுபிடிக்க 90 விநாடி ஆகும். வேகமான அமைப்பில் 3 விநாடி போதும். அதைவிடப் பெரிய ஓட்டை, இரண்டு கேபிளும் ஒரே ஸ்விட்சில் இருப்பது. அது அணைந்தால் பாண்டும் போயிற்று. ஒன்றோடொன்று பேசாத இரண்டு தனி ஸ்விட்சுகளில் எல்ஏசிபி சரிவராது. ஒரு கேபிள் வேலை செய்ய, மற்றது காத்திருக்கும் ஆக்டிவ்-பேக்கப் முறைக்கு மாறுங்கள். அதில் இணைப்புக் கண்காணிப்பு இயல்பாகப் பூஜ்யம், அதாவது கண்காணிப்பே கிடையாது! இணைப்பை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்று சொல்லும் எம்ஐஐமான் மதிப்பை 100 மில்லிவிநாடி என நீங்களே கொடுக்க வேண்டும்.

ஐஸ்கஸிக்குப் பாண்ட் வேண்டாம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி சப்நெட்டில் (ஐபி முகவரிகளின் தனிப் பிரிவு) ஐபி கொடுத்து, ஒரே வட்டுக்குப் பல பாதைகளைப் பயன்படுத்தும் மல்டிபாத் போடுங்கள். பாதை மாற்றமும் வேகப் பங்கீடும் அதிலேயே கிடைக்கும். கோப்புப் பகிர்வும் வேண்டும் என்றால் இன்னொரு இரட்டைப் போர்ட் கார்டு வாங்குங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது.

எல்ஏசிபியிலேயே தொடர்வதானால், புராக் (/proc) கோப்பகத்தில் பாண்ட் நிலையைக் காட்டும் கோப்பைத் திறந்து பாருங்கள். இரண்டு போர்ட்டுக்கும் அக்ரிகேட்டர் எண் (எந்தக் குழுவில் சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண்) ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபட்டால் ஒரு கேபிள் சும்மா தொங்குகிறது என்று பொருள். ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் எல்ஏசிபி அமைப்பை முதலில் சரிபாருங்கள்.