பைடெஸ்ட் ஏற்கெனவே இருக்கும்போது பிஹேவ் வேண்டுமா?

பைதான் சோதனைக் கருவியான பைடெஸ்ட் கையில் இருக்கும்போது, எளிய வாக்கியங்களில் சோதனை எழுத பிஹேவ் என்ற தனிக் கருவி வேண்டுமா, அதே வேலையைப் பைடெஸ்டுக்குள்ளேயே செய்யும் பைடெஸ்ட்-பிடிடி என்ற செருகுநிரல் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பைடெஸ்ட்-பிடிடி எடுங்கள். ஜாங்கோ (பைதான் வலைக் கட்டமைப்பு) செயலிக்கான சோதனைகள் எல்லாம் பைடெஸ்டில் இருக்கின்றன என்கிறீர்கள், அப்புறம் பிஹேவுக்குப் போனால் லாகின், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் இன்னொரு முறை அமைக்க வேண்டிவரும்.

பிஹேவில் பைடெஸ்ட் ஃபிக்ஸ்சர் (சோதனைக்குத் தேவையானதைத் தயார்செய்து தரும் ஃபங்ஷன்) கிடைக்கவில்லை என்று தவிப்பதற்கும் அநேகமாக இதுதான் காரணம். பிஹேவ் சோதனைகளைத் தானே ஓட்டும் தனி ரன்னர், பைடெஸ்ட் ஃபிக்ஸ்சர்களை வைக்கும் கான்ஃப்டெஸ்ட் கோப்பை எட்டிக்கூடப் பார்க்காது. தன்னுடைய என்விரான்மென்ட் கோப்பையும் கான்டெக்ஸ்ட் என்ற பொருளையும் மட்டுமே நம்பியிருக்கும்.

முழுசாக மாற்றும் முன் லாகினுக்கான ஃபீச்சர் கோப்பு (சோதனைப் படிகளை எளிய வாக்கியங்களில் எழுதிய கோப்பு) ஒன்றை மட்டும் பைடெஸ்ட்-பிடிடியில் ஓட்டிப் பாருங்கள். "ஸ்டெப் டெஃபினிஷன் நாட் ஃபவுண்ட்" (அந்தப் படிக்கான நிரல் கிடைக்கவில்லை) என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம், பிஹேவ் நெளிவு அடைப்புக்குறிக்குள் இருக்கும் மாறியைத் தானே பிரித்துக்கொள்ளும், பைடெஸ்ட்-பிடிடியில் வெறும் வாக்கியம் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நிரலில் இருக்கும் அந்தப் படியின் வாக்கியத்தை பார்சர்ஸ்.பார்ஸுக்குள் போட்டால் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஃபீச்சர் கோப்புகளில் படிகளுக்குக் கீழே தரவு அட்டவணை நிறைய இருந்தால் பைடெஸ்ட்-பிடிடி பதிப்பு 8 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும், பழையதில் அந்த வசதி இல்லை. இன்னொன்று, புரோகிராமர் அல்லாத யாரும் அந்தக் கோப்புகளைப் படிக்கப்போவதில்லை என்றால் இரண்டுமே வேண்டாம், வெறும் பைடெஸ்டும் பிரவுசரைத் தானாக இயக்கும் பிளேரைட்டும் போதும்.