குடையை வாங்கினால் ‘டெ’, மறந்தால் ‘நி’

கேள்வி: ஜப்பானிய எழுத்து வகைகளான ஹிரகானா, கதகானா இரண்டும் தெரியும். மரியாதையாகப் பேசும் ‘மஸ்’ வடிவ வினைகள் வரை படித்திருக்கிறேன். தமிழில் எழுதிய ஒரு குட்டிக் கதையை ஜப்பானிய மொழியில் எழுதிப் பார்த்தால் வரிக்கு வரி முட்டுகிறது. சுமாராகப் படம் வரைவேன். எப்படிப் பழகலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: அந்தக் கதையை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதற்கு வேண்டிய இலக்கணத்தை நீங்கள் இன்னும் படிக்கவே இல்லை, முட்டாமல் என்ன செய்யும்? படம் வரைவீர்கள் என்றால் ‘யொன்கோமா’ போடுங்கள். ஜப்பானியப் பத்திரிகைகளில் வரும் நான்கு கட்டச் சித்திரக்கதை அது: தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு.

ஏ4 தாளை நெடுக்காக வைத்து, தலைப்புக்கு 2.5 செ.மீ. விடுங்கள். கீழே 9 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்தில் நான்கு கட்டங்கள், இடைவெளி அரை செ.மீ. பக்கத்தில் மிஞ்சும் இடம் திருத்தத்துக்கு. முதலில் படம், பிறகுதான் வசனம். படத்தில் தெரிவதை வசனத்தில் திரும்பச் சொல்லாதீர்கள்.

ஒரு மாதிரி:
1. அமெ டெஸ். கசா கா அரிமசென். (மழை. குடை இல்லை.)
2. ஸூபா டெ கசா ஓ கைமஷிதா. (சூப்பர் மார்க்கெட்டில் குடை வாங்கினேன்.)
3. அ, ஹரெமஷிதா. (அட, வெயில் வந்துவிட்டது.)
4. டென்ஷா நி கசா ஓ வசுரெமஷிதா. (ரயிலில் குடையை மறந்துவிட்டேன்.)

இரண்டாவது, நான்காவது வரிகளைப் பாருங்கள். தமிழில் இரண்டுக்கும் ‘இல்’தான். ஜப்பானிய மொழியில் செயல் நடக்கும் இடத்துக்கு ‘டெ’, ஒரு பொருள் போய்த் தங்கும் இடத்துக்கு ‘நி’. வாங்கும் வேலை நடந்தது கடையில். குடை தங்கிவிட்டது ரயிலில். தமிழர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். கட்டத்துக்குக் கட்டம் ‘வதாஷி வா’ (நான்) எழுதவும் வேண்டாம். ‘வாங்கினேன்’ என்பதில் உள்ள ‘ஏன்’ விகுதி அங்கே இல்லாவிட்டாலும், பேசுவது யார் என்று படமே காட்டுகிறது.

வசனத்தை மேலிருந்து கீழாக, வலப்பக்க வரியில் தொடங்கி எழுதுங்கள். அப்போது ‘ஸூபா’வில் வரும் இரண்டு நெடில் கோடுகளும் செங்குத்தாக நிற்க வேண்டும். கிடையாகப் போட்டால் ‘ஒன்று’ என்னும் கான்ஜி (சீன எழுத்து) போலத் தெரியும்.

மழைக்குச் சத்தம் வேண்டாமா? கொட்டும் மழைக்கு ‘ஸாஸா’, சன்னமான தூறலுக்கு ‘ஷிதோஷிதோ’. நம் இரட்டைக்கிளவிக்குச் சொந்தக்காரர்கள்தான். கதகானாவில் எழுதுகையில் ‘ஷி’யின் நீளக் கோட்டைக் கீழிருந்து மேலே இழுங்கள். மேலிருந்து இழுத்தால் அது ‘ட்ஸு’ ஆகிவிடும்.

ஜப்பானிய மொழி தெரிந்தவரிடம் காட்டும்போது, ‘எல்லாம் சரியா?’ என்று கேட்காமல், ‘டெ’, ‘நி’ போன்ற இடைச்சொற்களை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து அதே படங்களுக்கு வசனத்தை நண்பரிடம் பேசும் தொனியில் மாற்றுங்கள்: அரிமசென் ‘நை’ ஆகும், கைமஷிதா ‘கத்தா’, ஹரெமஷிதா ‘ஹரெதா’, வசுரெமஷிதா ‘வசுரெதா’. மழையில் நனைந்தவன் வாயில் இதுதான் ஒட்டும்.