ஆடிப் பட்டம் போனால் என்ன, கேரட் போடலாம்

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. கேரட் விதை ஒரு பாக்கெட் வாங்கி வைத்தேன், வேலையில் அப்படியே நின்றுவிட்டது. மாமியார் "ஆடிப் பட்டம் போயாச்சு, அடுத்த வருசம் பார்த்துக்கலாம்" என்கிறார். பாக்கெட்டிலும் ஜூலைக்குள் விதைக்கச் சொல்லி அச்சடித்திருக்கிறது. இப்போது ஐப்பசி. இனிமேல் போட்டால் வருமா?
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு, மலேசியா

பதில்: வரும், சகோதரி. ஆனால் இந்த மாதம் வேண்டாம், கார்த்திகை பாதியாவது போகட்டும்.

மாமியார் சொல்வது தமிழ்நாட்டுக் கணக்கு, அங்கே அது சரிதான். ஆடியில் விதைத்தால் செடி வேர் பிடித்து நிற்கும் நேரத்தில் ஐப்பசி மழை வந்து சேரும். பாக்கெட்டில் இருப்பது குளிர் நாட்டுக் கணக்கு, ஜூலை தாண்டி விதைத்தால் கிழங்கு பருக்கும் முன்பே அங்கே குளிரும் இருட்டும் வந்துவிடும். நமக்கு இரண்டுமே ஒத்து வராது. பினாங்கில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், வெயில் 31, 32 டிகிரி, ராத்திரியில் 24 அளவில் நிற்கும், எந்த மாதமும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இங்கே நாள் பார்க்க வேண்டியது மழைக்குத்தான். செப்டம்பர், அக்டோபரில் கொட்டுகிற மழையில் கேரட் விதை நிற்காது, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கிற பொடி விதை, ஒரே மழையில் அடித்துக்கொண்டு போய்விடும், தப்பித்து முளைத்ததும் ஈரத்தில் தண்டு அழுகிச் சாயும். டிசம்பரில் மழை குறைந்து ஜனவரி, பிப்ரவரியில் நன்றாகக் காயும், அப்போது எவ்வளவு தண்ணீர் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேரட்டுக்கு உண்மையில் பிடித்தது 16 முதல் 21 டிகிரி, கேமரன் மலையில் கிடைக்கும் குளிர்ச்சி. நம் சூட்டில் கிழங்கு குட்டையாக இருக்கும், நிறமும் இனிப்பும் கொஞ்சம் குறையும். பாசாரில் தொங்குகிற நீளக் கேரட்டை எதிர்பார்க்காதீர்கள். விதைக் கடையில் நியூ குரோடா என்று கேளுங்கள், வெயில் தாங்கும் ரகம், இல்லாவிட்டால் குட்டையாக வரும் சாந்தனே. நீள ரகம் பக்கமே போக வேண்டாம்.

மண்தான் பாதி வேலை. செம்மண்ணோ களிமண்ணோ இறுகிக் கிடந்தால் வேர் இறங்க வழியில்லாமல் இரண்டாக மூன்றாகப் பிரிந்துவிடும், புது மாட்டுச் சாணம் போட்டாலும் இதே கதைதான், இலை மட்டும் காடாக வளரும். ஓர் அடி ஆழமுள்ள பெட்டியில், பழம் வருகிற ஸ்டைரோபோம் பெட்டி கூடப் போதும், அடியில் ஓட்டை போட்டு, மணலும் நன்றாக மக்கிய உரமும் கலந்து நிரப்பி விதையுங்கள். நேராக அங்கேயே விதைக்க வேண்டும், நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற வேலை கேரட்டுக்கு ஆகாது, நுனி வேர் ஒடிந்தால் கிழங்கு கோணிக்கொள்ளும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் கூட ஆகும் முளைக்க. அதுவரை மேல்மண் காயவே கூடாது, ஈரச் சாக்கு போட்டு மூடலாம், பச்சை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். அப்புறம் பொங்கல் வாக்கில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று விட்டு மற்றதைக் களையுங்கள். மனசு வராதுதான், ஆனால் களையாவிட்டால் எல்லாமே நூல் நூலாக நிற்கும். கிழங்கின் மேல் பகுதி (தோள்) மண்ணுக்கு வெளியே தெரிந்தால் மண் அணையுங்கள், வெயில் பட்டால் பச்சையாகிக் கசக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஒன்றிரண்டாகப் பிடுங்கிப் பார்க்கலாம்.

கேள்வி: என் மகள் லண்டன் பக்கம் இருக்கிறாள். ஆகஸ்ட் கடைசியில் கேரட் விதைத்தாள், செடி இன்னும் விரல் உயரம்தான். பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறாள்.
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பிடுங்க வேண்டாம் ஐயா. தாமதம்தான், அங்கே சீக்கிரம் விளையும் ரகத்தைக் கூட ஆகஸ்ட் தொடக்கத்தோடு முடித்துக்கொள்வார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை லண்டனில் பகல் 10 மணி நேரத்துக்கும் குறைவு, செடி ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும், உரம் போட்டாலும் பயனில்லை. மேலே மெல்லிய தோட்டத் துணி ஒன்றைப் போர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் திரும்பும்போது கொஞ்சம் பருக்கும், சின்ன விரல் கேரட் கிடைக்கலாம், குளிர் பட்ட கேரட் நல்ல இனிப்பாகவும் இருக்கும். ஆனால் ஏப்ரல் வரை விடக்கூடாது. கேரட் இரண்டு வருடச் செடி, குளிரைத் தாண்டியதும் பூக்கத்தான் பார்க்கும், பூத்தண்டு கிளம்பினால் கிழங்கு நாராகிவிடும். நம் ஊரில் அந்தக் குளிர் இல்லாததால் கேரட் பொதுவாகப் பூப்பதில்லை, அதனால்தான் நாம் விதையை வாங்கியே ஆக வேண்டியிருக்கிறது.

கேள்வி: கேரட்டின் தலைப் பகுதியை வெட்டித் தண்ணீரில் வைத்தால் புதுக் கேரட் வருமா?
- பள்ளி மாணவி, பிறை

பதில்: வராது பாப்பா. வெட்டிய கிழங்கு திரும்ப வளராது, இலை மட்டும் துளிர்க்கும். தினமும் தண்ணீரை மாற்று, இலை நன்றாக வந்ததும் நறுக்கி அம்மாவிடம் கொடு, பருப்பு வடையில் போடலாம்.