உடம்பெல்லாம் வலி, ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை: ஃபைப்ரோமையால்ஜியா கேள்வி-பதில்

ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். "எத்தனை மில்லிகிராம் சாப்பிடலாம்?" என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. அதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று இடம் மாறி மாறி வலி. காலையில் எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எல்லாமே நார்மல். "எல்லாம் உன் மனசுதான்" என்கிறார்கள் வீட்டில். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகம் வேண்டாம். ஃபைப்ரோமையால்ஜியா என்ற இந்தப் பரவலான வலி நோயில் ரிப்போர்ட் நார்மலாக வருவதுதான் வழக்கம். இஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் அழற்சியை, அதாவது வீக்கமும் சூடும் உண்டாக்கும் உடலின் எதிர்வினையைத் தேடுகின்றன. எக்ஸ்ரே எலும்பைப் பார்க்கிறது. உங்கள் கோளாறோ வலிச் செய்தியைக் கடத்தி எடைபோடும் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. இலை விழுந்தாலும் குரைக்கும் காவல் நாயாக அது மாறிவிட்டது. குரைப்பு பொய்யில்லை, திருடன்தான் இல்லை. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை லேசாக அழுத்தி மூளையை ஸ்கேன் செய்தார்கள். மற்றவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் கொடுத்தால்தான் உண்டாகும் வலியும் மூளைச் செயல்பாடும் இவர்களுக்கு அந்த லேசான அழுத்தத்திலேயே தெரிந்தன. வீட்டில் வாதம் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

1990-இல் வகுத்த விதிப்படி உடலில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால்தான் இந்த நோய் என்றார்கள். 2010-இலிருந்து அந்தக் கட்டாயம் போய்விட்டது. பரவலான வலி, அசதி, தூங்கி எழுந்தும் தெளிவில்லாமை, மறதி, கவனச் சிதறல் ஆகியவை 3 மாதங்களுக்குக் குறையாமல் இருக்கின்றனவா என்று கேட்டே முடிவுக்கு வருகிறார்கள். ரத்த அணுக்கள், அழற்சி அளவு, தைராய்டு ஆகியவற்றை ஒருமுறை பார்ப்பது அவசியம். காரணமில்லாமல் ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நடுத்தர வயதைத் தாண்டிய முதுகை எம்ஆர்ஐயில் பார்த்தால் ஏதோ ஒரு தேய்மானம் தெரியத்தான் செய்யும். பிறகு அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

மனச்சோர்வும் பதற்றமும் பலருக்குக் கூடவே வருகின்றன, வலியை ஏற்றியும் விடுகின்றன. அவற்றுக்கும் சிகிச்சை வேண்டும். அதற்காக வலி கற்பனை என்று ஆகிவிடாது.

கேள்வி: "நடங்கள்" என்றார் டாக்டர். தெம்பாக இருந்த ஒரு நாளில் ஒரு மணி நேரம் நடந்தேன், தேங்கிக் கிடந்த வீட்டு வேலையையும் முடித்தேன். அடுத்த மூன்று நாள் எழ முடியவில்லை. இப்போது நடக்கவே பயம்.

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. நோயோடு காலம் தள்ளுவதன் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது. நல்ல நாளில் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்வது, பிறகு படுப்பது, தெம்பு வந்ததும் மறுபடி அதையே செய்வது என்று போனால் ஒவ்வொரு சுற்றிலும் தசை கொஞ்சம் பலமிழக்கும், பயம் கொஞ்சம் கூடும்.

அளவை நல்ல நாளில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். மோசமான நாளிலும் உங்களால் எவ்வளவு நடக்க முடியும்? 5 நிமிடமா? அதிலிருந்தே தொடங்குங்கள். தெம்பான நாளிலும் 5 நிமிடத்தோடு நிறுத்த வேண்டும், இதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் தாங்கினால் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டுங்கள். 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்ற நிலைக்கு வர மாதங்கள் ஆகலாம், ஆகட்டும். தொடக்கத்தில் வலி சற்றுக் கூடும். ஓரிரு நாளில் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் பரவாயில்லை, இறங்காவிட்டால் அளவு அதிகம் என்று அர்த்தம். வலி ஏறிய நாட்களில் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம். இந்த வலி தசையையோ மூட்டையையோ அரிப்பதில்லை என்பதால் அளவான அசைவு தீங்கு செய்யாது.

நடைதான் வேண்டும் என்றில்லை. வெதுவெதுப்பான நீரில் பயிற்சி, சைக்கிள், தாய்ச்சி என்ற மெதுவான சீனப் பயிற்சி, லேசான பளு என்று எதுவும் சரி. விட்டுவிடாமல் செய்யக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு வேலைக்கும் இதே விதிதான். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள், வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் கூடி வகுத்த யூலர் பரிந்துரைகளில் "வலுவான" ஆதரவு பெற்ற ஒரே சிகிச்சை உடற்பயிற்சிதான். எந்த மாத்திரைக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை.

கேள்வி: வலிக்குப் போனால் மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். சாதாரண வலி மாத்திரை போதாதா?

போதாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அழற்சியைத் தணிப்பவை, இங்கே தணிக்க அழற்சி இல்லை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சமாகும். மார்ஃபின் வகை மருந்துகள் கூடவே கூடாது. அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் போன்றவை மனச்சோர்வுக்கு வந்த மருந்துகள்தான். ஆனால் முதுகுத்தண்டில் வலியைத் தணித்து அனுப்பும் நரம்புப் பாதைகளுக்கும் அவை வலுவூட்டுகின்றன. அமிட்ரிப்டிலினை இங்கே மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில், இரவில் தருகிறார்கள். ப்ரீகாபலின் வேறு வகை, வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் மருந்து. மயக்கம், எடை கூடுதல், கால் வீக்கம் வரலாம். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் இத்தகைய வலிக்கு அதைத் தொடங்க வேண்டாம் என்றது. அமெரிக்காவில் 2007 முதல் இந்த நோய்க்கு அதைத் தர அனுமதி உண்டு. நிபுணர்களுக்குள்ளேயே இப்படி இழுபறி.

மருந்தால் பெரிய நிவாரணம் கிடைப்பது சிலருக்குத்தான். சில வாரம் சாப்பிட்டும் பலனில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லி, படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். டுலாக்ஸெடினைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் குமட்டலும் படுத்தும்.

கேள்வி: எட்டு மணி நேரம் தூங்கியும் தூங்கின மாதிரியே இல்லை. வலியால் தூக்கம் கெடுகிறதா, தூக்கம் கெட்டதால் வலியா?

இரண்டும்தான். 1975-இல் ஒரு கனடிய ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் சில இரவுகள் கலைத்தார்கள். அவர்களுக்கும் தசை வலியும் அசதியும் வந்தன. தினமும் ஒரே நேரத்தில் எழுவதிலிருந்து தொடங்குங்கள். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரம் முக்கியம். குறட்டையும் மூச்சடைப்பும் இருந்தால் தூக்கப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எனக்கு ஏற்கெனவே முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கும் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்). இதுவும் சேர்ந்து வருமா?

வரும், அபூர்வமும் இல்லை. மூட்டு வீக்கம் அடங்கி, சிஆர்பி இறங்கிய பிறகும் உடம்பெல்லாம் வலித்தால் இதை யோசிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் முடக்குவாத மருந்தைத்தான் வீணாக ஏற்றிக்கொண்டு போவார்கள்.

கேள்வி: என் மனைவிக்கு இந்த நோய். நான் என்ன செய்ய வேண்டும்?

"நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்று கேட்காதீர்கள். நாளுக்கு நாள் மாறுவது இந்த நோயின் குணம். அடிக்கடி வலியை விசாரிப்பதைவிட, "இன்றைக்கு எந்த வேலையை நான் பார்க்கட்டும்?" என்று கேட்பது உதவும். எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கூடவே போய் உட்காருங்கள்.

கேள்வி: புதிதாக எது வலித்தாலும் "அதே நோய்தான்" என்று விட்டுவிடலாமா?

கூடாது. மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கை காலைத் தூக்க முடியாத உண்மையான பலவீனம் இருந்தால் உடனே காட்டுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தோளும் இடுப்பும் விறைத்தால் அது வேறு நோயாக இருக்கலாம், இஎஸ்ஆர் பார்க்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கிய பிறகு தசை வலி வந்தாலும் சொல்லுங்கள். மார்பு வலி, மூச்சுத் திணறல், திடீரெனச் சிறுநீர் கட்டுப்பாடு போவது ஆகியவற்றுக்கு அவசரப் பிரிவுதான்.