ஃப்ரிட்ஜ் விளக்கும் சேர்ந்து அணைகிறதா? கேஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒரு மாதமாகத் திடீர் திடீரென நின்றுவிடுகிறது. கதவைத் திறந்தால் உள்விளக்கும் எரிவதில்லை. வீட்டில் மற்றதெல்லாம் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறது. சில சமயம் பக்கத்தில் தட்டினால் வருகிறது. ஒரு மெக்கானிக், "கேஸ் லீக், 3,500 ரூபாய் ஆகும்" என்கிறார். இன்னொருவர் ஃப்ரிட்ஜின் எலக்ட்ரானிக் போர்டை மாற்றச் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: இரண்டு பேருக்கும் இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விளக்கும் எரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது போதும். அந்த நேரத்தில் விளக்குக்குக்கூடக் கரன்ட் போகவில்லை.

குளிரூட்டும் கேஸ் குறைந்தால் ஃப்ரிட்ஜ் நிற்காது. குளிர் ஏறவில்லை என்று கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், ஐஸ் கட்டாது, பால் திரியும். ஆனால் விளக்கு பளிச்சென்று எரியும். விளக்கு அணைந்த ஃப்ரிட்ஜைப் பார்த்து "கேஸ் போச்சு" என்கிறவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். இதே கதையில் இரண்டு முறை கேஸ் ஏற்றிய ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். பிளக்கை உருவினேன். ஒரு பின் மட்டும் கருத்து, சாக்கெட்டில் அந்தத் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் உருகியிருந்தது. சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்றியதோடு சரியாகிவிட்டது. கேஸுக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ கேஸ்தான். அது எளிதில் தீப்பற்றும். தேவையில்லாமல் குழாயை வெட்டி, அடுப்படியில் வைத்து நெருப்பு டார்ச்சால் ஒட்ட விடாதீர்கள். ஐ.டி.ஐ.யில் இதற்கென்றே இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர் அதைப் படித்தவரா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கம்பெனி சர்வீஸ் என்று இணையத்தில் தேடினாலும் போலி நம்பர்தான் பல நேரம் முதலில் வருகிறது. வாரன்டி அட்டையில் இருக்கும் நம்பரை மட்டும் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் வேலை. அடுத்த முறை நின்றால் தட்டாதீர்கள், ஸ்டெபிலைசர் இருந்தால் அதைப் பாருங்கள். அதன் விளக்கும் அணைந்திருந்தால் குறை சுவர் சாக்கெட்டில் அல்லது ஸ்டெபிலைசரின் பிளக்கில். அது எரிந்து, ஃப்ரிட்ஜ் மட்டும் செத்திருந்தால், ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கழற்றி அதே இடத்தில் ஒரு டேபிள் லேம்ப்பைச் செருகுங்கள். எரியவில்லை என்றால் ஸ்டெபிலைசர் கரன்ட்டை வெளியே விடவில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கினால் அது வேண்டுமென்றே நிறுத்தும். சரியான பிறகும் சில நிமிடம் காத்திருந்துதான் விடும். அது கோளாறு இல்லை. ஆகவே நிற்கும் நேரத்தையும், அப்போது ஸ்டெபிலைசர் காட்டும் எண்ணையும் காலண்டரில் குறித்து வையுங்கள். தினமும் மாலையில் மட்டும் என்றால் மின்வாரியத்தில் வோல்டேஜ் புகார் கொடுங்கள்.

லேம்ப் எரிந்தால் ஃப்ரிட்ஜின் வயரையும் பிளக்கையும் சந்தேகப்படுங்கள். தட்டினால் வருகிறது என்பதால் லூஸ் கான்டாக்ட்தான் என் முதல் சந்தேகம். கடலோர உப்புக்காற்றில் பித்தளை பின் பச்சை பூத்துவிடும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைத் திறந்து திருகுகளை இறுக்கட்டும், கருகியிருந்தால் மாற்றட்டும். அதற்குள் மல்டி பிளக், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் எதிலும் ஃப்ரிட்ஜைப் போடாதீர்கள். சூடேறித் தீப்பிடிப்பது அங்கேதான்.

போர்டு என்று சொன்னவரை முழுக்கத் தள்ள முடியாது. எல்இடி விளக்குள்ள பல மாடல்களில் விளக்குக்கும் போர்டு வழியாகத்தான் கரன்ட் போகிறது. போர்டில் ஒரு சால்டர் (ஈயப் பற்று) விட்டிருந்தாலும் விளக்கும் கம்ப்ரசரும் சேர்ந்தே நிற்கும், தட்டினால் வரும். நீங்கள் எழுதியதும் இதுவே. அதனால்தான் வரிசை முக்கியம்: சாக்கெட், ஸ்டெபிலைசர், பிளக், வயர், எல்லாம் நல்லது என்று தெரிந்த பிறகே போர்டு. அப்போதும் ஃப்ரிட்ஜ் செத்திருக்கும் நேரத்தில் மல்டிமீட்டர் வைத்து, போர்டுக்குள் 230 வோல்ட் வருகிறது, வெளியே போகவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினால் மாற்றலாம். சால்டரை மறுபடி வைத்தாலே பல போர்டுகள் ஓடும், முதலில் அதைக் கேளுங்கள். மாற்றினால் பழைய போர்டையும் பில்லையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவரை நின்றால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் ஃப்ரீசர் அல்லாத அறையில் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும்; நிறைந்த ஃப்ரீசர் 2 நாள் வரைகூடத் தாங்கும்.